மாஸ், லிவர்வொர்ட் சேகரித்து இனம் காண்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கான முழு வழிகாட்டி

மாஸும் லிவர்வொர்ட்டும் பூவோ விதையோ இல்லாமல் வித்துகளால் பரவும் சிறிய பச்சைத் தாவரங்கள். தாவரவியல் மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், காடு மேடு சுற்றுகிறவர்கள் என்று பலர் இவற்றைச் சேகரிக்கும் வேலையை ஆர்வத்தோடு தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நல்ல நுண்ணோக்கி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும் விட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் வரிசை மாறிப்போவதுதான் காரணம். எடுத்த அன்றே பெயர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வேலையில் பெயர் கடைசிப் படி. எங்கே வளர்ந்தது, உலர்ந்தபோது எப்படி இருந்தது, நனைந்தபோது எப்படி மாறியது, லென்ஸில் என்ன தெரிந்தது, நுண்ணோக்கியில் என்ன தெரிந்தது, அப்புறம்தான் பெயர். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. காலம் பார்த்துக் கிளம்புங்கள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு ஆகஸ்டு முதல் நவம்பருக்குள் பெய்துவிடும். மாஸுக்கும் லிவர்வொர்ட்டுக்கும் உண்மையான வேர் கிடையாது. உடம்பின் மேற்பரப்பு வழியாகவே நீரை எடுத்துக்கொள்ளும், அதே வழியாக இழக்கும். ஆகவே மழை நின்று ஒரு வாரத்துக்குள் போனால் பச்சையாக, விரிந்த நிலையில் கிடைக்கும்.

மண்ணில் ஒட்டி வளரும் ரிக்சியா போன்ற தட்டை (இலை, தண்டு என்று பிரியாத) லிவர்வொர்ட்டுகளுக்கு ஆகஸ்டு முதல் ஜனவரி வரை நல்ல காலம். மாஸின் வித்தகங்களை (வித்துகள் உருவாகும் பைகளை) முதிர்ந்த நிலையில் பார்க்க டிசம்பர், ஜனவரி வசதி. வித்தகம் இல்லாமல் பல பேரினங்களை உறுதி செய்ய முடியாது என்பதால் ஒரே இடத்துக்கு இரண்டு பருவத்தில் போவது நல்லது.

கோடையில் போகவே கூடாது என்பதில்லை. மரப்பட்டையில் இருக்கும் மாஸ் சுருண்டு கிடந்தாலும் உயிரோடுதான் இருக்கும். தண்ணீர் தெளித்தால் சில நிமிடத்தில் விரிந்துவிடும். பாறைச் சந்துகளில் இருக்கும் பிளாஜியோகாஸ்மா, டார்ஜியோனியா போன்ற தட்டை லிவர்வொர்ட்டுகள் ஓரங்களை மேலே மடித்துக்கொண்டு கருகிய அப்பளத் துண்டு மாதிரி கிடக்கும். செத்த குப்பை என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

2. அனுமதி முதலில், பை அப்புறம்

காப்புக்காட்டுக்குள் ஒரு சிட்டிகை பாசி எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. முன்னது 2014இலும் பின்னது 2022இலும் அறிவிக்கப்பட்டவை. சரணாலயம் என்றால் நடைமுறை இன்னும் கடுமை. உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்தின் கடிதத்தோடு மாவட்ட வன அலுவலர் வழியாக விண்ணப்பியுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். மழைக்காலத்துக்கு அனுமதி வேண்டுமானால் கோடையிலேயே எழுதிவிடுங்கள்.

கடிதம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சொந்தத் தோட்டம், தெரிந்தவர் மாந்தோப்பு, வீட்டுச் சுவர், கிணற்றடி இவற்றிலேயே முதல் பருவம் முழுவதும் பழகலாம். என்னைக் கேட்டால், புதியவர்கள் முதல் ஆண்டு காட்டுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பாறையில் மூக்கை வைத்துக் குனிந்திருப்பவருக்கு எதுவும் காதில் விழாது.

3. தேவையான பொருட்கள்

வெளியில் கொண்டுபோக: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மழுங்கிய சிறு கத்தி, காகித உறைகள், பென்சில், நோட்டு, சிறிய தண்ணீர் தெளிப்பான், இடக்குறியீடு காட்டும் கைப்பேசி. லென்ஸைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் ஓடையிலேயே போய்விடும்.

வீட்டில்: 40 முதல் 400 மடங்கு வரை காட்டும் கூட்டு நுண்ணோக்கி, கண்ணாடித் தகடுகள், மூடுவில்லைகள், கூர்முனை இடுக்கி இரண்டு, புதிய சவரப் பிளேடு, கிளிசரின். கண்வில்லைக்குள் போடும் அளவுகோல் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள்; செல்லின் நீள அகலம் இல்லாமல் திறவுகோலில் (அடையாளங்களைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில்) பாதி தூரம்கூடப் போக முடியாது. காகிதத்தால் மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் சுமார் 140 மடங்கு காட்டும். மாணவர்களுக்கு ஆர்வம் ஏற்படுத்த அது போதும், செல் சுவரில் இருக்கும் நுண்ணிய புடைப்புகளைப் பார்க்கப் போதாது.

உறையைக் கடையில் தேட வேண்டாம். ஏ4 தாளை நெடுக்காக வையுங்கள். கீழ் ஓரத்தை 12 செ.மீ. உயரத்துக்கு மேலே மடியுங்கள். இரண்டு பக்க ஓரங்களையும் மூன்றரை செ.மீ. பின்புறமாக மடியுங்கள். மேலே மிஞ்சிய பகுதியை மூடியாகக் கவிழ்த்துவிடுங்கள். பசையோ ஸ்டேப்ளர் பின்னோ வேண்டாம். உறையைப் பலமுறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும், பின் துருப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் கவரை மறந்துவிடுங்கள். ஈரத்தோடு கவரில் போட்டால் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். காகிதம் ஈரத்தை வெளியே விடும்.

4. எங்கே தேடுவது

புதியவர்கள் நேராக ஒகேனக்கல்லுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். தண்ணீர் நிறைய இருக்கிறது, பாசியும் நிறைய இருக்கும் என்ற கணக்கு. ஆனால் வெள்ளம் அடித்துப் போகும் பாறையில் பெரிதாக எதுவும் நிலைக்காது, கோடையில் அதே பாறை வெயிலில் காயும். நிழலும் தெறிப்பு நீரும் சேர்ந்து கிடைக்கும் பக்கவாட்டுப் பாறைகளில்தான் ஃபிலோனோட்டிஸ், ஃபிசிடென்ஸ் போன்ற மாஸ்களை எதிர்பார்க்கலாம். வழுக்கும் பாறையில் ஏறித் தேடும் அளவுக்கு அது அரிய சரக்கு அல்ல. இவற்றை ஊர் வாய்க்கால் மதகிலும் தேடலாம்.

நம் வறண்ட ஊரில் மாவட்டம், மலை என்று பெரிய அளவில் யோசிப்பதைவிடக் கையகல இடமாக யோசிப்பதுதான் பலன் தரும். ஒரே சுவரின் வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் வேறு வேறு இனங்கள் இருக்கும்.

சுவர், கசியும் தண்ணீர்த் தொட்டி, பழைய ஓட்டுக்கூரை: சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த இடங்களில் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற மாஸ் பெரும்பாலும் கிடைக்கும். உலர்ந்தால் இலையோரங்கள் உள்நோக்கிச் சுருளும். மிதிபடும் தரையிடுக்கில் வெள்ளி மினுமினுப்போடு இருப்பது பிரையம் அர்ஜென்டியம். இலையின் மேற்பகுதிச் செல்களில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளை.

மாந்தோப்பு: கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வாய்த்த வசதி இது. மரப்பட்டையோடு ஒட்டிப் படரும் எர்போடியம் மாஞ்சிஃபெரே என்ற சிறிய மாஸின் பெயரிலேயே மா இருக்கிறது. இலையில் நடுநரம்பே கிடையாது. கூடவே ஃப்ருலேனியா, லெஜூனியா போன்ற இலை லிவர்வொர்ட்டுகளையும் தேடுங்கள். கிளை பிரியும் கவட்டையையும் நிழல் விழும் பக்கத்தையும் பாருங்கள். அடிமரத்துக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) பூசிய தோப்பில் நேரத்தை வீணாக்காதீர்கள், தாமிரம் மாஸுக்கு நஞ்சு.

கேழ்வரகு வயல், வரப்பு, ஏரிக்கரை: ஏரியில் தண்ணீர் வடிந்த ஓரத்திலும் வரப்பின் ஈரமண்ணிலும் ரிக்சியா வட்டமாகப் பரவிக் கிடக்கும். பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இராது. நின்றபடி பார்த்தால் தெரியாது, உட்கார்ந்துதான் தேட வேண்டும். அதே மண்ணில் கரும்பச்சைத் தட்டிலிருந்து கொம்பு மாதிரி நிமிர்ந்தோ படுத்தோ எதாவது இருந்தால் அது மாஸ், லிவர்வொர்ட்டுக்கு உறவான மூன்றாவது குழுவான ஹார்ன்வொர்ட். ஆந்தோசெரோஸாகவோ நோட்டோதைலஸாகவோ இருக்கலாம்.

கல் கட்டிய பழைய கிணறு: உட்சுவரில் ஃபிசிடென்ஸும், மங்கிய வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும் சையத்தோடியம் என்ற தட்டை லிவர்வொர்ட்டும் தேடத் தக்கவை. தனியாக இறங்காதீர்கள். மேல் வரிசைக் கற்களிலேயே வேண்டிய அளவு கிடைக்கும்.

ராயக்கோட்டை மாதிரியான பாறைக் குன்றுகளில் நீர் கசியும் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போங்கள். வத்தல்மலை, சித்தேரி, மேலகிரி போன்ற உயரமான இடங்களில் ஓடையோர நிழல் மரங்களே முக்கியம். அங்கே பட்டையில் இலை லிவர்வொர்ட்டுகள் கூடும். வத்தல்மலையில் நிழல் மரங்களோடு இருக்கும் காப்பித் தோட்டங்களை உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள், காட்டு அனுமதி வரும்வரை அவை நல்ல மாற்று.

5. எடுப்பதற்கு முன்: இது மாஸ்தானா?

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால் பாதி வேறு ஏதாவதாக இருக்கும். லென்ஸை வெளியிலேயே பயன்படுத்தினால் இந்தச் சுமை குறையும்.

மரத்தில் சாம்பல், வெளிர்பச்சைத் திட்டாக இலை எதுவும் பிரியாமல் இருப்பது பெரும்பாலும் பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். ஈரச்சுவரில் வழவழப்பாக, விரலில் ஒட்டுவது ஆல்கா. பாறையில் மழைக்கு விரிந்து கோடையில் பந்தாகச் சுருளும் செலாஜினெல்லாவைப் பலர் மாஸ் என்று எடுத்து வருகிறார்கள். அதற்கு வேரும் நீர்க்குழாய்த் திசுவும் உண்டு, தண்டு விறைப்பாக இருக்கும். பெரணியின் இளநிலையான இதய வடிவத் தட்டு லிவர்வொர்ட்டை ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும். அதன் ஓரம் ஒரே செல் தடிமன்தான். அருகிலேயே பெரணிக் குட்டிகள் முளைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாஸையும் இலை லிவர்வொர்ட்டையும் பிரிக்க: மாஸின் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கும், பலவற்றில் நடுநரம்பு உண்டு. இலை லிவர்வொர்ட்டில் இரண்டு வரிசை பக்கவாட்டில், சிலவற்றில் மூன்றாவது வரிசையாகச் சிறிய அடியிலைகள், நடுநரம்பு கிடையாது. ஃபிசிடென்ஸ் மட்டும் இரண்டு வரிசையில் இலை வைத்துக் குழப்பும். நடுநரம்பு தெரிந்தால் அது மாஸ்தான்.

6. சேகரிப்பு

முதலில் தொடாமல் ஒரு படம் எடுங்கள். அப்புறம் தண்ணீர் தெளித்து, விரிந்ததும் இன்னொரு படம். உலர்ந்த நிலையில் இலை எப்படிச் சுருண்டிருந்தது என்பதைத் திறவுகோல்கள் அடிக்கடி கேட்கும். நேராகத் தண்ணீர் ஊற்றிவிட்டால் அந்தச் சான்று போய்விடும், மறுபடி உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

வித்தகம் இருக்கும் பகுதியைத் தேடி எடுங்கள். தீப்பெட்டி அளவு போதும். கத்தியைத் தட்டையாகச் செருகி, ஒட்டியிருக்கும் மெல்லிய மண்ணோடு சேர்த்து எடுக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் அடியில் வேர் மாதிரி இருக்கும் நுண்ணிழைகளான வேரிகளும் சிறு கிழங்கு போன்ற இனப்பெருக்க உறுப்புகளும் மண்ணிலேயே நின்றுவிடும். பிரையம் பேரினத்தில் பல இனங்களைப் பிரிக்க அந்தச் சிறு கிழங்குகள் தேவை. திட்டு முழுவதையும் சுரண்டாதீர்கள். கையகலத்துக்குக் குறைவான திட்டு என்றால் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு திட்டு, ஓர் உறை, ஓர் எண். உறையின் மேல் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். எழுத வேண்டியவை: எண், தேதி, ஊர், இடக்குறியீடு, உயரம், எதன்மேல் வளர்ந்தது, வெளிச்சம், ஈரம், சேகரித்தவர் பெயர். ‘மரத்தில்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மாமரம், அடிமரத்தில் இடுப்பளவு உயரம், வடக்கு முகம், நிழல்’ என்று எழுதினால்தான் பின்னால் உதவும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட உறைகள் எல்லாம் மாலையில் ஒன்றுபோலவே தெரியும்.

7. அன்று மாலை: பிரித்து உலர்த்துங்கள்

இந்தக் கட்டத்தில் வரிசை ரொம்ப முக்கியம். லிவர்வொர்ட் உறைகளைத் தனியே எடுத்து வையுங்கள். இலை லிவர்வொர்ட்டின் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் இருக்கும். அவற்றின் வடிவம், எண்ணிக்கை, நிறம் இனம் காண உதவும். பெரும்பாலானவற்றில் காய்ந்ததும் அவை மறைந்துவிடும். ஆகவே ஓரிரு நாளில் பச்சையாகவே நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள். அவகாசம் வேண்டுமானால் உறையை லேசான ஈரத்தோடு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம். மாஸ் காத்திருக்கும், ஆண்டுக்கணக்கில்கூட.

உலர்த்துவது எளிது. உறையைத் திறந்து, நிழலில், காற்றோட்டமாக வைத்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். வெயிலோ அடுப்புச் சூடோ வேண்டாம், நிறமும் இலையின் இயல்பான சுருளும் கெட்டுவிடும். பூச்செடியை அழுத்துவது மாதிரிப் புத்தகத்துக்குள் வைத்து அமுக்கவும் வேண்டாம். தட்டை லிவர்வொர்ட்டுகளை மட்டும் ரொம்பச் சுருளாமல் இருக்க இரண்டு தாள்களுக்கு இடையில் லேசாக வைக்கலாம்.

8. நுண்ணோக்கியில் பார்க்கும் முறை

உலர்ந்த மாஸில் ஓரிரு தண்டுகளை மட்டும் எடுத்து வெந்நீரில் போடுங்கள். வெந்நீர் சீக்கிரம் விரிக்கும், காற்றுக் குமிழியும் குறையும். வித்தகத்தை மட்டும் உலர்ந்த நிலையிலும் பார்த்துவிட்டு நனையுங்கள். வாயைச் சுற்றியுள்ள பற்கள் ஈரத்துக்கும் உலர்வுக்கும் அசைபவை, இரண்டு நிலையும் தேவை.

ஒரு தண்டை இடுக்கியால் நுனியில் பிடித்து, மற்ற இடுக்கியால் இலைகளை அடிநோக்கி இழுத்தால் அடிப்பகுதியோடு முழுசாக வரும். தண்டின் நடுப்பகுதி இலைகளையே எடுங்கள். நுனி இலை முதிராதது, அடி இலை சிதைந்தது. திறவுகோலில் எழுதியிருக்கும் அளவுகள் நடுத்தண்டு இலைக்கு உரியவை. பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: நடுநரம்பு நுனிவரை போகிறதா, வெளியே நீள்கிறதா, பாதியில் நிற்கிறதா. இலையோரம் மழமழப்பா, பல்லா. இலையின் நடுவில் செல்கள் கட்டமா, நீளமா. செல் சுவரில் புடைப்பு இருக்கிறதா. அடிமூலைச் செல்கள் மற்றவற்றிலிருந்து வேறுபடுகின்றனவா. செல் அளவை ஒன்றை வைத்துச் சொல்லாதீர்கள், பத்துப் பதினைந்து செல்களை அளந்து குறைந்தது முதல் கூடியது வரை எழுதுங்கள்.

புடைப்பு சரியாகத் தெரியவில்லை என்றால் குறுக்குவெட்டு போடுங்கள். நனைந்த தண்டைத் தகட்டில் வைத்து, பழைய தகடு ஒன்றால் அழுத்திப் பிடித்து, பிளேடால் அதன் விளிம்பை ஒட்டி மெல்ல மெல்லக் கொத்திக்கொண்டே வந்தால் நிறையத் துண்டு விழும். அதில் நாலைந்து மெல்லிசாக அமையும். பிளேடு புதிதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வித்தகத்தில் மூடி கழன்றிருந்தால் பற்களை எண்ணுங்கள். பெரும்பாலும் 16. பிரையத்தில் வெளி வரிசை, உள் வரிசை என இரண்டு அடுக்கு. ஃபிசிடென்ஸில் ஒரே வரிசை, ஒவ்வொரு பல்லும் இரண்டாகப் பிளந்திருக்கும். ஹையோஃபிலாவில் பற்களே இல்லை. உதிர்ந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அதன் இலைக்கக்கத்தில் நட்சத்திர வடிவ ஜெம்மாக்கள் (உதிர்ந்து புதுச் செடியாகும் நுண்துணுக்குகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் அடையாளம் பலப்படும்.

இலை லிவர்வொர்ட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். பக்க இலையின் கீழ்மடல் தலைக்கவசம் மாதிரி தனியாகத் தொங்கினால் ஃப்ருலேனியா. சிறு பையாக உப்பி இலையோடு ஒட்டியிருந்து, இரண்டாகப் பிளந்த அடியிலையும் இருந்தால் லெஜூனியாவின் பக்கம் போகலாம். அடியிலையே இல்லை என்றால் கோலோலெஜூனியாவைச் சோதியுங்கள்.

ரிக்சியாவுக்கு இரண்டு விஷயம் கட்டாயம்: தட்டின் குறுக்குவெட்டு, முதிர்ந்த வித்துகள். வித்தகம் தட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். கரும்புள்ளியாகத் தெரியும் இடத்தைக் கீறினால் வித்துகள் வரும். அவற்றின் மேல் உள்ள வலைப்பின்னல் அமைப்புதான் இனத்தைச் சொல்லும். வித்து முதிராத ரிக்சியாவை ‘ரிக்சியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே வரப்புக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஹார்ன்வொர்ட் என்று நினைப்பதைப் பச்சையாக 400 மடங்கில் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம் இருக்கும். ரிக்சியாவிலோ ஒரு செல்லில் பல சிறியவை. ஹார்ன்வொர்ட் தட்டில் தெரியும் கருநீலப் புள்ளிகள் நோய் அல்ல, உள்ளே குடியிருக்கும் நாஸ்டாக் என்ற நீலப்பச்சை பாக்டீரியா.

9. இப்போது பெயர்

குறிப்புகள் எல்லாம் கையில் இருந்தால்தான் திறவுகோலைத் திறக்க வேண்டும். முதலில் பேரினம்; அதில் உறுதி வந்தால் மட்டும் இனம். திறவுகோல் எந்த நிலப்பகுதிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். கங்குலி 1969 முதல் 1980 வரை வெளியிட்ட கிழக்கிந்திய மாஸ் நூல் இந்தியாவில் பலரும் கைவைக்கும் முதல் நூல். ஆனால் அது நம் பகுதிக்கு எழுதியதல்ல, நம் ஊரில் இருக்கும் ஓர் இனம் அதில் இல்லாமல் போகலாம். திறவுகோலோ ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். ஆகவே முழு விவரிப்பையும் படித்து ஒப்பிடாமல் பெயர் எழுதக் கூடாது.

பழைய நூல்களில் உள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. இப்போது ஏற்கப்பட்ட பெயரை மிசௌரி தாவரவியல் பூங்காவின் டிராப்பிகோஸ் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. செல் சுவர்ப் புடைப்பைக் கைப்பேசிப் படம் காட்டாது.

பேரினத்தோடு நிற்பதில் குறை ஒன்றும் இல்லை. இடமும் தேதியும் தெளிவாக எழுதிய, பெயர் இல்லாத உறையை எந்த நிபுணரும் பிறகு திறந்து பெயர் வைக்கலாம். துல்லியமான பெயர் எழுதி இடம் எழுதாத உறையால் பயனில்லை.

10. பத்திரப்படுத்தல், ஒப்படைத்தல்

இறுதி உறையின் மூடியில் அச்சிட்ட விவரச்சீட்டு ஒட்டுங்கள். நுண்ணோக்கியில் பார்த்த இலைகளைத் தூக்கிப் போடாமல் சிறு காகித மடிப்பில் இட்டு அதே உறைக்குள் வையுங்கள், அடுத்தவர் அதே இலையையே பார்க்க முடியும். வரைந்த படங்களின் நகலும் உள்ளே போகட்டும். ஒரே திட்டில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருந்தால் பிரித்துத் தனி உறையில் இட்டு, எண்ணோடு அ, ஆ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உறைகளைச் செருப்புப் பெட்டியில் நிமிர்த்தி அடுக்கினால் போதும். ஈரம் படாத வரை மாஸைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, மருந்து அடிக்க வேண்டியதில்லை.

மாதிரிகள் வீட்டிலேயே இருந்தால் வேறு யாரும் சரிபார்க்க முடியாது. இரட்டை மாதிரி இருப்பவற்றை ஓர் உலர்தாவரச் சேகரத்துக்குக் கொடுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரச் சேகரம் ஆகியவை நமக்கு அருகில் இருப்பவை. முன்கூட்டியே எழுதி, என்ன வைத்திருக்கிறீர்கள், என்ன விவரம் உண்டு, எந்த அனுமதியில் எடுத்தது என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். வெளிநாட்டு நிபுணர் கேட்டார் என்று அவசரப்பட்டு அஞ்சலில் போட்டுவிட வேண்டாம். அதற்குப் பல்லுயிர்ச் சட்டப்படி விதிகள் உண்டு. சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் கேட்டுக்கொண்டு, நம் நாட்டுச் சேகரம் ஒன்றின் வழியாகவே அனுப்புங்கள்.